அவர்கள் தோற்ற மறுநாள்

“தோத்துட்டாங்கம்மா!” என்று செல்போனைப் பார்த்துக் கத்துகிறான் மகன். அமெரிக்க ஃபுட்பால். அதே டீம்.

புனேயில், போபோடியில் நாங்கள் இருந்தபோது எங்கள் வீட்டை ஒரு சீசன் முழுக்க ஆட்டிவைத்த பாவிகள். அக்கா ராத்திரி வேலை பார்த்த கால் சென்டருக்கு அந்த டீமின் ஊரிலிருந்துதான் போன் வரும். டீம் தோற்றால் அவர்கள் அக்காவைத் திட்டுவார்கள். அவள் காலையில் வந்து எங்களைக் கடித்துக் குதறிவிட்டுத் தூங்குவாள். அவள் எழும்வரை குக்கர் விசிலடிக்கக் கூடாது. அன்றைக்கு அப்பாவுக்கு டப்பாவில் சப்பாத்திதான்.

பொறுக்க மாட்டாமல் அம்மா கோயிலுக்குப் போய், அந்த டீம் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னாள். குருக்கள் நட்சத்திரம் கேட்டார்.

“என் உயிரை வாங்குற ஏழரை நாட்டுச் சனி, சாமி. எதையாவது சொல்லுங்க!”

அப்படியும் தோற்றார்கள்.

அக்கா அந்த வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது. ஆனால் மகன் கத்தியதும் என் கை தானாகப் போய்க் குக்கரை அணைத்திருக்கிறது. அரிசி வேகவே இல்லை.