வாலில் ஒரு வெட்டு

மாட்டுங்காவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு நாற்பத்திரண்டு படிகள். ஐம்பது வருஷங்களுக்கு மேலாக இறங்குகிறேன், எண்ணாமல் இறங்கியதில்லை. இப்போது மாத்திரைகளையும் எண்ணுகிறேன். ஒரு நாளைக்கு ஏழு. மருமகள் ஆறுதான் என்பாள். டப்பாவைத் திறந்து காட்டினால் ஒப்புக்கொள்வாள். ஆகவே, வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் தப்பாக எண்ணியிருக்கிறேன் என்று நான் சொன்னால் தாராளமாக நம்பலாம். நான் தப்பாக எண்ணியவை மீன்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. செம்பூரைத் தாண்டி டிராம்பே போகும் சாலையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு வேலை. பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து எட்டு. பாதி வழியில் ஓர் ஓடையின் கரையோரமாக நடக்க வேண்டும். வெயில் காலத்தில் அது வெறும் சகதி. மழைக்காலத்தில் குன்றுகளிலிருந்து செந்நீர் புரண்டு வந்து உப்பங்கழியில் கலக்கும். மேலே இருந்த தபேலா என்கிற எருமைக் கொட்டில்களுக்குத் தண்ணீர் தேக்குவதற்காக அந்த ஓடையின் குறுக்கே ஒரு கல்சுவர் எழுப்பியிருந்தார்கள். அதன் உயரம் என் மார்பளவு. கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் முதல் மழை கொட்டிய மறுநாள் காலை, சுவரிலிருந்து விழும் தண்ணீருக்குக் கீழே ஒரு கோளி மீனவப் பெண் முழங்கால் நீரில் நிற்பதைப் பார்த்தேன். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். கூடையால் எதையோ வாரி வாரிச் சுவருக்கு மேலே வீசிக்கொண்டிருந்தாள். கிட்டே போனால் மீன். சாண் நீளக் கெளுத்திகள், கொஞ்சம் கெண்டை. சுவரைத் தாண்டத் துள்ளிப் பார்த்து, கல்லில் மோதி, மறுபடி கீழே விழுந்துகொண்டிருந்தன.

ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் ‘மாவ்ஷி’ என்றுதான் கூப்பிட்டேன். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். அவள் பேசியது பம்பாய் இந்தி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“என்ன மாவ்ஷி, மீன் பிடிக்கிறவள் மீனைத் தூக்கி எறிகிறாயே?”

“எறியாமல்? இதுகளுக்கு ஏணி வைத்தா கொடுத்திருக்கிறார்கள்? வயிறு நிறைய முட்டை. மேலே வயலுக்குப் போய்ப் போட்டால்தான் குஞ்சு. குஞ்சு கீழே வந்தால்தான் என் வலை.”

ஓடை உப்பங்கழியில் சேரும் இடத்தில்தான் அவள் குடும்பத்தின் வலை கட்டியிருந்தது. மழை ஓயும் காலத்தில் இறங்கி வரும் குஞ்சுகளை நம்பி அவர்கள் ஆறு மாதம் சாப்பிட்டார்கள். சுவர் வந்த பிறகு இரண்டு வருஷமாக வலையில் தழையும் கந்தலும்தான். இன்னொரு வருஷம் இப்படிப் போனால் வலையைப் பிரித்துவிட்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும் என்றாள்.

“இதுவரை எத்தனை போட்டாய்?” என்று கேட்டேன்.

“யார் எண்ணினார்கள், அண்ணா!”

அலுவலகத்தில் அன்று முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒருத்தி காலையிலிருந்து மீன் தூக்கிப் போடுகிறாள், எத்தனை என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்றேன். வீட்டிலிருந்து ஒரு பக்கெட்டும் எடுத்துப் போயிருந்தேன். வீசினால் மீனுக்கு அடிபடும், தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போய் மேலே விடுவதுதான் முறை என்று இரவே முடிவு செய்திருந்தேன். முட்டைகூடச் சாப்பிடாத குடும்பம் எங்களுடையது. நான் மீனைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று முள். மூன்றும் முதல் அரை மணியிலேயே என் கையில் இறங்கின. மாவ்ஷி சிரித்தாள். விஷம் ஏறிவிடுமோ என்று சாயங்காலம் வரை விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் மனைவிக்கு விரலைப் பற்றிக் கவலையில்லை. “குளிக்கற பக்கெட்டா கெடச்சது உங்களுக்கு? இனிமே அது ஆத்துக்குள்ள வரப்படாது, சொல்லிட்டேன்” என்றாள். பக்கெட் மாடிப்படியின் கீழே குடியேறியது. பதினோரு வருஷம் அங்கேயே இருந்தது.

எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் ஓர் ஓவர்சியர் இருந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், அந்தச் சுவர் அவருடைய அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது. பஸ் கியூவில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“மீனா? நீரா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஓய், அந்தச் சுவரை இந்த வருஷம் ரெண்டடி உசத்தப்போறா, தெரியுமோ? எஸ்டிமேட் என் மேஜையிலேதான் இருக்கு.”

“அப்போ மீன் அடியோட ஏறாதே!”

“ஏறறதுக்குச் சுவர்லே ஒரு வாய் விடலாம். நடுவிலே ஒரு கல் அகலம், அது பெரிய வேலையில்லே. ஆனா எங்க பெரியவர் ‘எத்தனை மீன் ஏறறது’ன்னு கேப்பார். நூறு, நூத்தம்பதுன்னா சிரிப்பார். நல்ல எண்ணிக்கையாக் கொண்டாரும். மூணாம் ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன்.”

நல்ல எண்ணிக்கை வேண்டுமென்று என்னிடம் கேட்கிறார்! அன்று நான் நாற்பத்திரண்டு படிகளையும் இரண்டிரண்டாக ஏறினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவர், திருநெல்வேலிப் பக்கம். ஞாயிறுதோறும் செம்பூரில் இருந்த அக்கா வீட்டுக்கு வருவார். அன்று அவர் வந்தது மீனைக் குழம்புக்குப் பிடிக்க. கூடையை இடுப்பில் வைத்தபடி மாவ்ஷி கொடுத்த வசவில் பாதி அவருக்குப் புரியவில்லை, புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

“சார்வாள், இந்தம்மா என்ன சொல்லுது?” என்று என்னிடம் கேட்டார்.

“இப்போ ஒன்றைத் தின்றால் கார்த்திகையில் நூறு போச்சு என்கிறாள்.”

“அப்பிடிச் சொன்னா என்ன, கேக்க மாட்டமா? அதுக்கு ஏன் எங்க அப்பனை இழுக்கா?” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மண்ணெண்ணெய் டின் இரண்டைக் காவடி கட்டி அவர் தூக்கிய வேகத்துக்கு நானும் என் பக்கெட்டும் ஈடு கொடுக்க முடியவில்லை. வாரநாட்களிலும் காலையில் வந்து ஒரு மணி நேரம் தூக்கிவிட்டு வேலைக்கு ஓடுவார்.

நான் எண்ணினேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. முதல் நாள் முப்பத்தெட்டு. இரண்டாம் வாரத்தில் ஒரே காலையில் அறுபத்தொன்று. புதன்கிழமை காலையோடு நானூற்று முப்பத்தேழு. கியூவில் ஓவர்சியரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “நானூறா! பெரியவர்ட்ட இன்னிக்கே சொல்லிடறேன்” என்றார். நான் மாவ்ஷியிடம் சொன்னேன். அவள் எனக்கு ஒரு பெரிய இறாலைப் பரிசாக நீட்டினாள். நான் வேண்டாமென்று கும்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை தோல்காரர் டின்னுக்குள் கையை விட்டு ஒரு கெளுத்தியைத் தூக்கிப் பார்த்தார்.

“சார்வாள், இவனை எனக்குத் தெரியும்.”

“மீனையா?”

“மீசையில ஒண்ணு இல்ல பாருங்க. நேத்து இவனை நாந்தான் மேல கொண்டுபோய் விட்டேன். அதுக்கு முந்தின நாளும் விட்டேன்னு நெனைக்கேன்.”

என் பென்சில் நின்றது. ஒரு மீன், மூன்று கோடு.

நாங்கள் மீன்களைச் சுவருக்கு நேர் மேலே, நடுவில்தான் விட்டுக்கொண்டிருந்தோம். தூக்குகிற தூரம் அங்கேதான் குறைவு. தண்ணீரின் இழுப்பும் அங்கேதான் அதிகம் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை. துள்ளிக் களைத்த மீன் இழுப்பை எதிர்க்க முடியாமல் சுவரைத் தாண்டி மறுபடி கீழே விழுந்திருக்கிறது. நாங்கள் மறுபடி தூக்கியிருக்கிறோம். நான் மறுபடி எண்ணியிருக்கிறேன்.

“எத்தனை பேர் இப்படித் திரும்பி வந்தார்களோ, எப்படித் தெரியும்?” என்றேன்.

“அதென்ன கஷ்டம்? எங்ககிட்ட பத்து யாவாரி தோலு ஒரே குழியில ஊறும். ஒவ்வொரு யாவாரிக்கும் ஓரத்துல ஒரு வெட்டு. இவருக்கு ஒத்த வெட்டு, அவருக்கு ரெட்ட வெட்டு. எத்தனை நாள் ஊறுனாலும் வெட்டு மாறாது. இவனுகளுக்கும் வால்ல ஒண்ணு போட்டாப் போச்சு.”

இடுப்பிலிருந்த சிறு கத்தரிக்கோலை எடுத்தார். வாலின் மேல்நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. மீனுக்கு வலித்ததாகத் தெரியவில்லை. முப்பது மீனுக்கு வெட்டு வைத்து வழக்கமான இடத்திலேயே விட்டோம். அலுவலகத்தில் எனக்குத் தாமதக் குறி விழுவது உறுதியாகிவிட்டது, இருந்தும் நின்றேன். ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது திரும்பி வந்தன.

நோட்டைப் பிரித்து, புதன்கிழமை வரை இருந்த பக்கங்கள் எல்லாவற்றின் குறுக்கேயும் கோடு போட்டேன்.

மாவ்ஷிக்குப் படிக்கத் தெரியாது. குறுக்குக் கோடு புரிந்தது. தண்ணீரிலிருந்து ஏறி வந்து என் பென்சிலைப் பிடுங்கினாள்.

“என் மீனை அடிக்கிறாயா?”

“அது உன் மீன் இல்லை மாவ்ஷி. ஒரே மீனை மூன்று தடவை போட்டிருக்கிறேன்.”

“அந்தச் சாகிபுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பின்னே? நானூறு என்று சொல்லியாயிற்று. நானூறாகவே இருக்கட்டும். அவர்கள் வாய் விடட்டும், அப்புறம் உன் நோட்டைக் கிழித்து உலை வை.”

“சொல்லாமல் இருக்க மாட்டேன்.”

“உனக்கென்ன! நோட்டு சுத்தமாக இருக்கும். பாத்திரம் தேய்க்கப் போகிறவள் நான்தானே!” என்றாள். பென்சிலை ஓடையில் எறிந்துவிட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்றும் இல்லை: அந்த நானூற்றை நம்பி நடுவில் வாய் விட்டால் அவளுடைய வலைக்கு ஒரு குஞ்சும் வராது. மறுநாள் காலையில் இதை அவளிடம் மூன்று தடவை சொன்னேன். அவள் அன்றும் கூடையோடு தண்ணீரில்தான் நின்றாள்.

அன்றுமுதல் மீன்களை நடுவில் விடாமல் இடது கரையை ஒட்டி விட்டோம். அங்கே ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது. தூரம் அறுபத்து நாலு எட்டு கூடுதல். ஒவ்வொரு மீனுக்கும் வெட்டு. வெள்ளி, சனி இரண்டு காலைகளிலும் சேர்த்து நூற்று ஐம்பத்தெட்டு விட்டோம், ஒன்பது திரும்பின. ஆக நூற்று நாற்பத்தொன்பது. பெரியவர் எதைக் கேட்டுச் சிரிப்பார் என்று ஓவர்சியர் சொன்னாரோ, அதே எண்ணிக்கை.

ஞாயிறு காலை குடையும் முழங்கால் பூட்ஸுமாக அவர் வந்தார். வந்ததும் சொல்லிவிட்டேன். குடை அவர் கையில் சாய்ந்தது.

“நானூறுன்னு பெரியவர்ட்ட சொல்லிட்டேனே ஓய்! என் மூஞ்சியை எங்கே கொண்டு வெச்சுக்கறது?”

தோல்காரர் நடுவில் புகுந்தார். “சாரு, ஒரு அரை மணி நில்லுங்க. கடியாரம் கட்டியிருக்கீங்கள்லா?”

பத்து மீனைப் பிடித்து வாலின் மேல்நுனியில் வெட்டி, நடுவில் விட்டார். இன்னும் பத்தைக் கீழ்நுனியில் வெட்டி, இடது கரையில் பாறைக்குப் பின்னால் விட்டார். மாவ்ஷியும் நானும் கீழே கூடை பிடித்தோம். ஓவர்சியர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கால் மணியில் மேல்வெட்டு ஏழு வந்து விழுந்தன. அரை மணியில் கீழ்வெட்டு ஒன்று.

ஓவர்சியர் பூட்ஸோடு கரையேறிப் பாறை வரை போனார். காலால் தண்ணீரின் இழுப்பைப் பார்த்தார். பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, நனையாமல் குடைக்குள் பிடித்துக்கொண்டு, சுவரின் நடுவில் போட்டிருந்த குறியை அடித்தார். இடது ஓரத்தில் புதுக் குறி போட்டார்.

“நடுவிலேதான் விட்டிருப்பேன். எப்பவும் நடுவிலேதான் விடுவா. ஏறினதெல்லாம் திரும்பி விழுந்திருக்கும். பெரியவர்ட்ட இதைக் காட்டினா வாயைத் திறக்க மாட்டார்.”

“அப்போ எண்ணிக்கை? நூற்று நாற்பத்தொன்பது, ரொம்பச் சரியானது” என்று நோட்டை நீட்டினேன்.

“நான் பார்த்தது இருபது. இருபதுன்னுதான் எழுதுவேன்” என்று குடையை மடக்கினார்.

இரண்டு வாரம், மூன்று முள், ஒரு தாமதக் குறி, ஒரு பக்கெட். என் எண்ணிக்கையில் ஒன்றுகூட அந்த அறிக்கைக்குள் போகவில்லை. எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. மாவ்ஷிக்கு நான் விஷயத்தை இந்தியில் சொன்னபோது அவள் வரைபடத்தின் இடது ஓரத்தில் ஈர விரலை வைத்து, “இங்கேயா?” என்று மட்டும் கேட்டாள். மை கலைந்துவிடும் என்று ஓவர்சியர் பதறினார்.

மழை நின்றதும் சுவரை உயர்த்தினார்கள். இடது ஓரத்தில் பாறையை ஒட்டி வாயும் விட்டார்கள், படிப்படியாக நாலு படி வைத்து. அடுத்த வருஷம் முதல் மழைக்கு மூன்று பேரும் போய் நின்றோம். கலங்கல் தண்ணீரில் கறுப்பு முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தப் படிகளில் ஏறிப் போயின. தூக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணவும் முடியவில்லை. தோல்காரர் டின்களைக் கவிழ்த்து ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, “ஓட்டமா ஓடுதானுவ சார்வாள், விடுங்க” என்றார். எனக்கு அன்று முழுதும் மனம் சரியில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். எதிரே மாவ்ஷி தலைக்கூடையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை நடுப்பாதையில் இறக்கினாள். விரல் நீளக் கெளுத்திக் குஞ்சுகள், விளிம்பு வரை.

“எண்ணு அண்ணா. பென்சில் நான் எறிந்துவிட்டேன், வாயால் எண்ணு.”

உட்கார்ந்து எண்ணினேன். முந்நூற்று நாற்பது வரை வந்தபோது அவளுக்கு மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு ரயில் நேரமாகிவிட்டது. கூடையை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். கூடையில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அது எத்தனை என்று உத்தேசமாகச் சொல்லலாம். உத்தேசம் எனக்குப் பிடிக்காது.