மலர் பெட்டியோடு வந்துவிட்டாள்

இன்று நான் வந்த கரவனெல்ல பஸ்ஸில் மலர் ஏறினாள். எங்கள் தோட்டத்திலிருந்து கேம்பஸ் போன முதல் பிள்ளை. போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. கையில் பெரிய பெட்டி.

"லெக்சர் எல்லாம் இங்கிலீஷ்லக்கா. புரிஞ்ச மாதிரி தலையாட்டியே கழுத்து வலிக்குது. இனி போகமாட்டேன்."

திங்கட்கிழமை பரீட்சைக்குப் பதியாவிட்டால் இடம் போய்விடுமாம். அதையும் அவளேதான் சொன்னாள்.

நான் சொல்லிக்கொடுக்கலாமென்றால், நானே பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் ஃபெயில். என் இங்கிலீஷ் எல்லாம் நெட்டில் அரட்டை அடித்துப் பழகியது.

தோட்டத்து பஸ் ஹோல்ட்டில் இறங்கினோம். அன்று தப்பு மேளம் அடித்து, மாலை போட்டு அவளை வழியனுப்பிய அதே இடம். தப்படித்த ராசு மாமா ரப்பர் பால் வாளியோடு நின்றார்.

"என்னா புள்ள, லீவா?"

மலர் என்னைப் பார்த்தாள். "ஆமா மாமா. ரெண்டு நாள்."

"அப்ப போறப்பவும் அடிச்சிருவோம்."

லயத்து வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள், "அக்கா, திங்கக்கெழம மொத பஸ் எத்தன மணிக்கு?"

கேம்பஸில் முதல் வருடம் இங்கிலீஷோடு முட்டி மோதித் தப்பித்தவர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். ராசு மாமாவின் தப்பை மட்டும் நம்பி மூன்று வருடம் ஓட்ட முடியாது.