சஹனில் கலந்த குளிசைகள்

சிறுநீரில் புரதம் போவதாக மருத்துவமனையில் சொன்ன அன்றும் ஸைனம்பு வீட்டுக்கு வந்து மறுநாளைய இடியப்பத்துக்கு மா வறுத்தார். சாய்ந்தமருதில் அவருடைய தெரு அந்த இடியப்பத்தில்தான் விடியும். வயது ஐம்பத்தாறு. சீனி வருத்தம் பதினைந்து வருடமாக. உம்மா கடைசி மூன்று வருடம் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் கிடந்து மௌத்தானவர். ஸைனம்புவுக்கு மௌத்தில் பயமில்லை, மெஷினில்தான்.

அந்த நேரம்தான் ஆராய்ச்சிக் குழுவின் தாதி நப்லா வந்தாள். சிறுநீரகத்துக்குப் புதுக் குளிசை. முதலில் எலியில் வேலை செய்தது, பிறகு வெளிநாட்டில் கொஞ்சப் பேரில். இப்போது ஆயிரம் பேரில் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்துள்ள குளிசை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், மருந்தில்லாதது.

"எனக்கு எது மகள்?"

"எனக்கும் தெரியா உம்மா. டொக்டருக்கும் தெரியா. கொம்பியூட்டர்தான் பிரிச்சது."

"அப்ப எலிக்குத்தான் வாசி, அதுக்கு மெய் மருந்து கிடைச்சிது."

"வேற ஆருக்கும் குடுக்கப்படா, சரியா?"

"சரி."

அடுத்த வளவில் இருக்கும் தங்கை ஸுல்பிகாவுக்கும் அதே வருத்தம். அவரும் ஆய்வில் சேர்ந்தார். இருவர் வீட்டுக்கும் நடுவே மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. குளிசைப் போத்தல்கள் வந்த அன்று ஸைனம்பு அதன் வழியே போனார், கையில் சஹனோடு. சின்ன வயதில் ஒன்றாகச் சோறு தின்ற அதே பெரிய தட்டு. இறைச்சித் துண்டை நடுவில் வைத்துச் சரிபாதியாகப் பிய்ப்பார்கள். ஒருத்திக்கு இறைச்சி, மற்றவளுக்கு எலும்பு என்று அந்த வீட்டில் நடந்ததில்லை.

இரண்டு போத்தலையும் அதில் கொட்டிக் கலந்து பங்கிட்டார்கள். மாதாமாதம்.

நாலாம் மாதம் நப்லா மீண்டும் வந்து இருவரையும் ஒன்றாக இருத்தினாள். யாருக்கு எது என்ற பட்டியல் இருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது: இந்த இருவரில் ஒருவருடைய இரத்தத்தில் இருக்கக்கூடாத மருந்து இருக்கிறது.

"உம்மா, குளிசைய எப்படிக் குடிக்கிறீங்க?"

"தண்ணியோட."

"ராத்தா, சொல்லிப் போடுவம்," என்றார் ஸுல்பிகா.

"நீ சும்மா இரி."

ஸுல்பிகா போய்ச் சஹனை எடுத்துவந்து நப்லா முன்னால் வைத்தார்.

"வேற ஆருக்கும் குடுக்கப்படாதெண்டு சொன்னன்தானே?"

"இவள் வேற ஆளா?" என்றார் ஸைனம்பு.

நப்லாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இனி இருவருக்கும் இந்தக் குளிசை இல்லை என்றாள்.

ஸைனம்பு கையைச் சேலையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அப்ப மெஷின்தானா, மகள்?"

"அப்படி இல்ல உம்மா. வழமையான மருந்த விடாதீங்க, வாயையும் கட்டுங்க. மாசாமாசம் ரத்தம் பாப்பம்."

"ஒருத்தியிலதான் பிழை எண்டா, மற்றவளுக்குத் தந்தது மெய் மருந்து?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. ரெண்டு வருசத்தில பட்டியலத் திறப்பாங்க."

அவ்வளவு போதும். ஸைனம்பு தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு மாசமா என்ட மருந்தத்தான் நீ குடிச்சிருக்காய்."

"மெய் மருந்து என்ட. உங்கட வெறும் சுண்ணாம்பத்தான் நான் குடிச்சன், ராத்தா."

அன்றிலிருந்து மதில் கதவு வழியே ஏச்சும் போய் வருகிறது. ஸைனம்பு தேநீரில் சீனி போடுவதை நிறுத்திவிட்டார். தனக்கென்று அரிசியை விட்டுக் குரக்கன் மாவில் இடியப்பம் பிழிகிறார். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கிறார், ஸுல்பிகாவுக்குப் பத்தடி முன்னால். பட்டியல் திறக்கும் நாளில் மெஷினில் படுத்துக்கொண்டு தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை.