கிடார்க்காரருக்குத் துக்கம் கேட்கப் போனோம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டில் என் நிச்சயத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்த சமயம். மாப்பிள்ளைக்குச் சூலூர். பம்பு உதிரி பாகங்கள் செய்கிற சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று காபியைக் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். அதற்கு மேல் அவர் எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை. பிடித்திருக்கிறதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

திருப்பூர் போயிருந்த சித்தப்பா சூலூர் வழியாகத் திரும்பும்போது, பஸ் நின்ற இடத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்திருக்கிறார். முடியும் தாடியுமாக ஒரு படம், பழனிக்கு நேர்ந்துகொண்டவர் மாதிரி. பெயரைப் பார்த்தால் கிறிஸ்தவர். கீழே ‘துயரத்தில் வாடும்’ என்று நாலு பேர். முதல் பெயரே எங்கள் மாப்பிள்ளை, பட்டறைப் பெயரோடு. மேற்கொண்டு படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

போஸ்டர் அடிக்கிற அளவுக்கு நெருக்கம் என்றால் நாம் போகாமல் இருக்க முடியாது என்றார் அப்பா. இதையெல்லாம் போனில் விசாரித்தால் மரியாதையில்லை. பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கி, வாடகை அம்பாசிடரில் அப்பா, சித்தப்பா, சின்னம்மா மூவரும் கிளம்பினார்கள். சின்னம்மா என்பது, என்னைப் பெற்ற அம்மா இறந்த பிறகு அப்பா கட்டிக்கொண்டவர். நிச்சயமாகப் போகிற பெண்ணை எழவு வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். வீட்டில் தனியாக விடவும் மாட்டார்கள். காரை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே அவர்கள் வீடு. வாசலில் இறங்கியதுமே சின்னம்மா முறைப்படி அழ ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். சம்பந்தி வீட்டார் அழுதுகொண்டு வந்தால் அவர்கள் வீட்டில்தானே யாரோ போயிருக்க வேண்டும்? அவரும் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் நன்றாக அழுது முடித்த பிறகு அவர்தான் கேட்டார்.

“ஆருங்க சம்பந்தி போயிட்டது?”

“அத நீங்கதானுங்க சொல்லோணும்,” என்றார் சின்னம்மா.

அழுகை அப்படியே நின்றது. அப்போதுதான் மாடியில் பாட்டு ஓடுவது கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. காரை விட்டு இறங்கிவிட்டேன்.

மாப்பிள்ளை கீழே வந்தார். கண் சிவந்திருந்தது. இறந்தவர் வெளிநாட்டுக்காரர், ஒரு ராக் குழுவில் கிடார் வாசித்தவர், செய்தியைப் பேப்பரில் பார்த்ததாகச் சொன்னார்.

“நேர்ல பழக்கமுங்களா?” என்றார் அப்பா.

“இல்லீங்க மாமா.”

“லெட்டர் கிட்டர் ஏதாச்சும் போட்டிருக்கறீங்களா?”

“இல்லீங்க.”

எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற ‘ங்க’ கூடும். “ரொம்ப நல்லதுங்க, அப்ப நாங்க கெளம்பறமுங்க” என்றார் அப்பா. ஆனால் கிளம்ப முடியவில்லை. கையில் மாலை இருந்தது. சாவுக்கு வாங்கின மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சாக்கடையில் வீசவும் மனசு வராது. வேறு வழியில்லாமல் எல்லோருமாக மாடி ஏறினோம்.

மேலே அவருடைய பாலிடெக்னிக் நண்பர்கள் மூன்று பேர் ஒரு டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கேசட் அட்டையிலிருந்து பெரிதாக்கின படம் ஒன்று சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒரு பாட்டு முடியும் வரை உட்காருவது மரியாதை என்று பாயில் உட்கார்ந்தார். அது முடிகிற பாட்டாக இல்லை. புரோகிரசிவ் ராக் என்றால் அப்படித்தானாம், பின்னால் தெரிந்துகொண்டேன். ஒருவழியாக டக்கென்று நின்றதும் அப்பா எழுந்து வேட்டியைச் சரி செய்தார். நண்பர் ஒருவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். அதே பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அப்பா மறுபடி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர், பழகாத மனுஷருக்கு எதற்குப் போஸ்டர் என்று கேட்டார். மாப்பிள்ளை அவ்வளவு பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “இந்தக் குழுவ ஆரம்பிச்சவரே இவருதானுங்க மாமா. மொதல் ரெண்டு கேசட்டும் இவரு வாசிச்சது. அப்பறம் இவரை அனுப்பிச்சுப்போட்டு வேற ஆளைச் சேர்த்துக்கிட்டாங்க. அதுக்கப்பறந்தா அவங்களுக்கு ஒலகம் பூரா பேரு. இப்ப இவரு பேர ஆரும் எடுக்கறதில்லீங்க. செத்ததுக்காவது நாலு பேரு சொல்லோணுமில்லீங்களா? நமக்குத் தெரிஞ்ச மரியாத இந்தப் போஸ்டர்தானுங்களே.”

“ஏனுங்க, பொறகு வந்தவரு நல்லா வாசிக்கறதில்லீங்களா?” இதைக் கேட்டது சின்னம்மா.

“அவரும் அருமையா வாசிப்பாருங்க அத்தை. அவரு கேசட்டு அத்தனையும் வெச்சிருக்கறேன். அதுக்காக மொதல் ஆளு இல்லைன்னு ஆயிருமுங்களா?”

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் பரண்மேல் கிடந்தது. சின்னம்மா வந்த அன்று அப்பா கழற்றி வைத்தது. சின்னம்மா கேட்டு அல்ல. வந்தவள் மனம் கோணக் கூடாதென்று அவராகவே செய்தது. சின்னம்மா என்னை ஒரு குறையில்லாமல் வளர்த்தார். அதனாலேயே நான் அம்மா பேச்சை எடுத்ததில்லை. எடுத்தால் நன்றிகெட்டதனம் என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது. கிடாருக்காக என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள், மாப்பிள்ளை உட்பட.

திரும்பும்போது சித்தப்பா, பையனுக்கு நட்டு கழண்டிருக்கிறது, இந்த இடம் வேண்டாம், இப்போதே சொல்லிவிடலாம் என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாவிட்டால் சித்தப்பா சொன்னதுதான் நடக்கும். அந்த இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. வாயைத் திறக்கத்தான் தைரியமில்லை. அன்னூர் தாண்டும் வரை காரில் சித்தப்பா குரல் மட்டும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“ஏனுங்க, நிச்சயத்தன்னிக்கு அக்கா போட்டோ செவுத்துல இருக்கோணுங்க. பெத்தவ பார்க்காம எப்படிங்க?”

“கண்ணாடி ஒடஞ்சிருக்குது, மாத்தோணும்,” என்றார் அப்பா. பரணில் கிடக்கிற படத்தின் கண்ணாடி உடைந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சித்தப்பா அதற்கப்புறம் இடம் வேண்டாம் என்கிற பேச்சை எடுக்கவில்லை.

அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டேன். முதல் ஆள் வாசித்தது எது, பின்னால் வந்தவர் வாசித்தது எது என்று எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருக்கிறார். இன்றைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அம்மாவின் படம் சுவருக்கு வந்த பிறகுதான், சின்னம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிட எனக்கு வாய் வந்தது.