மூன்று இழுப்பு

இது என் சகலைக்கு நடந்தது. சீட்டாட உட்கார்ந்தால், கைக்கு நல்ல சீட்டு வந்ததை அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். பொய் சொல்ல வராத மனிதர். அவர் சொன்னதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நேரம்கூட அவர் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்னதுதான்.

சகலை லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் மனைவி, பதினோரு வயது மகளோடு ஒரு பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனார். காலையில் இடிந்த கோட்டை. அடுத்து ஊருக்கு வெளியே இருக்கும் கல்பாலம். மதியம் அருங்காட்சியகம். அங்கே துருப்பிடித்த வாள்களைப் பார்த்தே மகள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டாள். மிச்சம் இருந்தது காவல் கோபுரம் மட்டும். உச்சிக்குப் போனால் ஊர் மொத்தமும் தெரியும், தூரத்து ஏரியும் தெரியும்.

நூற்று நாற்பத்திரண்டு படி. மூட்டுவலிக்கார மனைவி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறவர் இன்றைக்காவது படி ஏறட்டும் என்று கிண்டல் வேறு.

டிக்கெட் கொடுத்தவர் வயதானவர். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவேன் என்றார். "மேல யாரும் இல்ல. நீங்கதான் கடைசி."

மணி 4:12.

உள்ளே ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் சுழல்படி. நடுவில் கிணறு மாதிரி வெற்றிடம். அதில் உச்சியிலிருந்து தரைவரை ஒரு தடித்த கயிறு தொங்கியது. பிடித்துக்கொண்டு ஏறுவதற்குத்தான் என்று சகலை நினைத்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, கயிறோ ஈரமாக இருந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினார்.

பாதி தூரத்தில் மகள் நின்றாள். யாரோ மூச்சு வாங்குகிறார்கள் என்றாள். தன் மூச்சுதான், வயதாகிவிட்டது என்று சிரித்துச் சமாளித்தார். ஆனால் அப்போது அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

மேலே காற்று நன்றாக இருந்தது. மகள் ஏரியைப் படம் எடுத்தாள். பத்து நிமிடம் போனதே தெரியவில்லை.

4:33க்கு இறங்க ஆரம்பித்தார்கள். அவர் முன்னால், மகள் பின்னால். மகள் படிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

கயிறு விறைப்பாக இருந்தது.

கயிறும் கம்பியும் அவருக்குப் பழகிய பொருள். சும்மா தொங்கும் கயிறு எப்படி, பாரம் தாங்கும் கயிறு எப்படி என்று தொட்டாலே தெரியும். இதில் பாரம் இருந்தது. ஒரு ஆள் பாரம். கயிற்றின் கீழ்நுனி எதிலும் கட்டப்படாமல் கிடந்ததை ஏறும்போதே பார்த்திருந்தார்...

அப்போது கயிறு அசைந்தது.

வெடுக்... வெடுக்... வெடுக். மூன்று முறை. கீழேயிருந்து.

லிஃப்ட் குழிக்குள் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சத்தம் மேலே எட்டாது என்பதால் கயிற்றில்தான் பேச்சு. மூன்று இழுப்பு என்றால், மாட்டிக்கொண்டேன். பதிலுக்கு ஒரு இழுப்பு என்றால், பிடித்திருக்கிறேன், ஏறி வா.

யோசித்துச் செய்யவில்லை. கை பழக்கத்தில் செய்துவிட்டது.

ஒரு இழுப்பு.

கயிறு நின்றது.

பிறகு... துடித்தது. நின்றது. துடித்தது. நின்றது. கைமாற்றிக் கைமாற்றி யாரோ ஏறி வருகிறார்கள்.

காலடிச் சத்தம் இல்லை.

"யாரு?" என்று கேட்டார்.

மூச்சு மட்டும். ஹ்ஹ்... ஹ்ஹ்...

மகள் எண்ணுவதை நிறுத்தினாள்.

கயிற்றை விட்டார். மகளை இழுத்துச் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை.

மூச்சு பக்கத்தில் வந்தது.

அவர் தோளில் ஒரு கை ஊன்றியது. சில்லென்று.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் மகள்... வழி விடுவதுபோல்... தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மூச்சு மேலே போனது.

மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எத்தனை படி, எப்படி இறங்கினார், தெரியாது. வெளியே வந்தபோது 4:41. முழங்கை இரண்டும் சுவரில் உரசித் தோல் உரிந்திருந்தது. மனைவி பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சகலை நேரே டிக்கெட் ஜன்னலுக்குப் போனார்.

"எங்களுக்கு அப்புறம் யார உள்ள விட்டீங்க?"

"யாரையும் விடலையே."

"அப்ப கயித்தப் புடிச்சு ஏறினது யாரு?"

பெரியவர் சில்லறையைக் கீழே வைத்தார். "எந்தக் கயிறு?"

டார்ச்சோடு வந்து வாசலில் நின்று மேலே அடித்துக் காட்டினார். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. நடுவில் வெற்றிடம். உச்சியில் ஒரு இரும்புக் கொக்கி. அவ்வளவுதான்.

கயிற்றை எடுத்து ஒன்பது வருடம் ஆகிறதாம். உள்ளே சுவர் பூச வந்த கொத்தனார் ஒருவர் கால் தவறி நடுவில் விழுந்திருக்கிறார். கயிறு உடம்பில் சுற்றிக்கொண்டு பாதி உயரத்தில் தொங்கியிருக்கிறார். வேலை முடித்துப் போய்விட்டார் என்று நினைத்து, பூச்சு காயட்டும் என்று வெளியே பூட்டிவிட்டார்கள். கோபுரச் சுவர் நாலடி கனம். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. மூன்றாம் நாள்தான் திறந்தார்கள். இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னாராம்.

பெரியவர் டார்ச்சை அணைத்தார். அப்புறம், யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர்போல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ரெண்டு நாளும் வர்றவங்களத் திருப்பி அனுப்பிக்கிட்டு நான் இதே ஜன்னல்லதான் உக்காந்திருந்தேன். கதவுல பதிச்ச கண்ணாடி வழியா கயித்து நுனி தெரியும். ஆடிக்கிட்டே இருந்துச்சு. மூணு தடவ ஆடும், நிக்கும். மூணு தடவ ஆடும், நிக்கும்... காத்துன்னு நெனச்சேன்."