முதலாளிக்கு எழுதிய மன்றாட்டு

உப்பளத்தில் பலகையை இழுத்து உப்பு வாரும்போது என் வாய் சும்மா இருக்காது. சத்தமும் வராது. உள்ளுக்குள்ளேயே வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த வியாதி எப்படி ஒட்டியது என்று தெரியவில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குத் தெருவுக்குத் தெரு முறைவைத்து மன்றாட்டு எழுதித் தர வேண்டும். எங்கள் தெருவுக்கு நான்தான். பாத்தியில் மனசுக்குள் கட்டியதை மத்தியானம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இறக்கிவிடுவேன். பீடத்தில் நின்று வாசிப்பது பக்கத்து வீட்டு மருமகள். நான் தூணுக்குப் பின்னால் நின்று, நானே எழுதியதற்கு ஊரோடு சேர்ந்து பதில் சொல்வேன். அவ்வளவு தைரியசாலி.

போன கோடையில், எங்களோடு வேலை செய்யும் சின்னப் பெண் ஒருத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. பொம்பளைகளுக்கு மறைவிடமும் கிடையாது. அதனால் வேலை முடியும்வரை நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. முதலாளிக்கு மனு கொடுப்பது என்று முடிவானது. யார் எழுதுவது என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து பலகையைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.

இரண்டு நாள் கட்டி எழுதினேன். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வகைதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதலாளி உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி எடுத்து வரவில்லை, நீயே படி என்று சொல்லிவிட்டார். உப்பளத்தில் தூண் ஏது? படித்தேன்.

“கருணையுள்ள முதலாளியே, வெயிலில் உழைக்கும் எங்களுக்கு ஒரு கொட்டகையைத் தந்தருள வேண்டுமென்று...”

பழக்கத்தில் அங்கே நிறுத்தினேன். பின்னால் நின்றவர்களும் பழக்கத்தில், “உம்மை மன்றாடுகிறோம்” என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். குடிதண்ணீர்த் தொட்டி கேட்ட இரண்டாவது மன்றாட்டுக்கு, கோயில் பக்கமே வராத குப்பத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“ஏம்மா, நான் இன்னா சாமியா?” என்றார் முதலாளி.

“சாமியா இருந்தா இந்நேரம் குடுத்திருப்பீங்க” என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

அவர் சிரித்துவிட்டார். கொட்டகையும் தொட்டியும் போட்டுத் தருவதாகச் சொன்னார். மூன்றாவதைப் படித்தேன்: “பெண்களின் மற்ற தேவைகளையும் கண்ணோக்க வேண்டுமென்று...”

“மத்த தேவைன்னா?”

அந்த வார்த்தையை எழுத வெட்கப்பட்டு, நான்தான் அப்படிப் பூசி மெழுகியிருந்தேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன். காலண்டரின் முன்பக்கத்தில் வெறும் ராகு காலம்தான் இருந்தது.

“கக்கூஸுங்க” என்றேன். “அது இல்லாமத்தான் அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கல. அதான் வுழுந்துடுச்சி.”

முதலாளி வேறு பக்கம் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, எங்கே கட்டலாம் என்று கேட்டார்.

இப்போதெல்லாம் நான் எழுதும் மன்றாட்டில் ‘மற்ற தேவைகள்’ வருவதில்லை. எது வேண்டுமோ அதையே எழுதிவிடுகிறேன். படித்துப் பார்த்த சாமியார் இரண்டு முறை இருமினார்.

கொட்டகை ஒரே வாரத்தில் வந்தது. கக்கூஸுக்கு இரண்டு மாதம் ஆனது. தகரக் கதவு மாட்டிய அன்று காலை, வேலையைத் தொடங்கும் முன்னே, மயங்கி விழுந்த அந்தப் பெண் வரப்பில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.