குரங்கு மெம்பர்

தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறி லொறி பலாபத்வலையில் தேநீருக்கு நிற்கும். சாரதி அழுகிய தக்காளியைப் பாதையோரம் வீசுவதற்குள் இத்ரூஸ் சாக்கை விரித்துவிடுவார். "கீழ போடாதீங்க மகன், இதுல போடுங்க. கீழ கெடந்தா அவங்க எறங்கி வந்துருவாங்க." அவங்க என்றால் குரங்குகள்.

முழங்கால் வரை மடித்த சாரம், தோளில் ஈரச் சாக்கு. பிரதேச சபை உறுப்பினர் என்றால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். மிளகு வியாபாரியாக இருந்தவர். ஊர் ஓடையில் குப்பை கொட்ட வந்த டிராக்டருக்கு முன்னால் ஒருநாள் பாய் விரித்துப் படுத்தார். படுத்தவர் தூங்கியும் போனார். டிராக்டர் திரும்பிப் போனதே தெரியாது. அன்று தொடங்கிய அரசியல். இரண்டு தேர்தலில் தோற்று, மூன்றாவதில்தான் வென்றார்.

கூரையில் தடதடவென்று சத்தம் கேட்டால் மனைவி மஸூதா அவரை எழுப்புவார்: "இங்க பாருங்க, ஒங்கட ஓட்டுக்காரங்க வந்து ஈக்காங்க. போய் சலாம் சொல்லுங்க."

சென்ற மாதம் சபைக்கு ஒரு தீர்மானம் வந்தது: குரங்குகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, பல்லேகமப் பக்கத்துக் காட்டில் விடுவது. ஊரே அது வேண்டும் என்று கேட்டது. எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் லெட்சுமணன். தோட்ட வேலையை விட்டு வந்து, கொல்லையில் நிற்கும் தென்னைகளை நம்பி வாழ்பவர்; தேர்தலில் இத்ரூஸுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்; அவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று அழைப்பவர்.

"நானா, குரும்பையக்கூட விட்டு வைக்கலங்க. தென்னைய வச்சிக்கிட்டு கடையில தேங்கா வாங்குறேன். நாளைக்குக் கையத் தூக்கிருங்க."

"தூக்கலாம் லெட்சுமணன். அந்தக் காட்டோரம் சோளம் போட்டவன் யார்ட்ட போய்ச் சொல்லுவான்?"

"அவனா ஒங்களுக்கு ஓட்டுப் போட்டான்?"

மறுநாள் சபையில் அவர் கை மேசைமேலேயே கிடந்தது. அந்த ஒரு கை குறைந்து தீர்மானம் தோற்றது. அடுத்த தேர்தலும் அத்தோடு போயிற்று என்று வாசலில் நின்றவர்கள் அவர் காதுபடச் சொன்னார்கள். அது அவருக்கு உறைக்கவில்லை. தன்னைக் கண்டதும் லெட்சுமணன் பாதையைக் கடந்து மறுபக்கம் போனதுதான் உறைத்தது.

அடுத்த காலை லெட்சுமணனின் கொல்லைக்குப் போனார். அங்கே கிடந்த கதிரையில், ஓர் எண்ணெய்த் தகரத்தையும் தடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லெட்சுமணனின் மனைவி ரஜனி கதவைத் திறந்து திகைத்தார்.

"என்னங்க நானா இது?"

"காவலுக்கு வந்தேன் தங்கச்சி. என்னாலதானே அவங்க இன்னும் இங்க ஈக்காங்க."

அன்றிலிருந்து தினமும் வருகிறார். ஓலை அசைந்தால் தகரத்தைத் தட்டுவார். "போங்க ராஜா, போங்க. வீட்டுக்காரர் கோவமா ஈக்காரு" என்று மரியாதையாகத்தான் விரட்டுவார். உள்ளே ரஜனி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். லெட்சுமணன் மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நேற்றுக் காலை குரங்குகள் பின்வேலி வழியாக வந்தன. இத்ரூஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு குலை போய்விட்டது. லெட்சுமணன் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இத்ரூஸின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் முதுகோடு முதுகாக அதைப் போட்டு, பின்வேலியைப் பார்த்து உட்கார்ந்தார்.